ற, ய, ள, ன

கணனியில் விளையாடுகிறவர்களின் இடது கை நான்கு விசைகளில் குடியிருக்கும். ஆங்கில எழுத்தில் அவை டபிள்யூ, ஏ, எஸ், டி. பாமினி எழுத்துருவில் நெடுங்காலம் தட்டெழுதிய எனக்கு அவை ற, ய, ள, ன. ற-வை அழுத்தினால் திரையில் இருக்கிறவர் முன்னே நடக்கிறார். ள-வில் பின்வாங்குகிறார். ய இடப்பக்கம், ன வலப்பக்கம். என் மருமகளுக்கு இந்த நான்கும் எழுத்துகளே அல்ல, கால்கள். என்னிடம் ரைப்பிங் பழகிய பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது சுண்டுவிரலை ய-வில் வைக்க. அவள் அதே ய-வில் மோதிரவிரலை வைக்கிறாள். சுண்டுவிரல் ஷிப்டுக்குப் போய்விடுகிறது, பெருவிரல் ஸ்பேசில் கிடக்கிறது, கை முழுவதும் ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கைக்கு ஏற்ற கீபோட் தேடித்தான் நாங்கள் இருவரும் வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம்.

அனுப்பியவன் என் தம்பி, அவளுடைய அப்பா.

"அக்கா, உங்களுக்குத்தானே உது விளங்கும். ஒருக்கா அவளோட போய்ப் பாருங்கோ. பத்தாயிரத்துக்கு மேல சொல்லுறாள். ரைப் அடிக்கிறதுக்கெண்டா யோசிக்காமல் தருவன். விளையாடவாம்."

அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் காலத்தில் விசைகள் உள்ள எந்தப் பொருளும் உத்தியோகத்துக்கான பொருள்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற பெண்பிள்ளையை வீட்டில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ரைப்பிங் வகுப்புக்கு அனுப்புவார்கள். கச்சேரியிலோ கல்விக் கந்தோரிலோ இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. எண்பதுகளின் தொடக்கத்தில் வவுனியாப் பட்டினத்தில் நான் அப்படி ஒரு வகுப்பில் இருந்தேன். விசைகளைப் பார்க்கக் கூடாது, சுவரில் தொங்கும் படத்தை மட்டும் பார்க்கலாம். இடது கைக்கு முதற் பாடம் யளனக. அடித்து அடித்து ஒரு தாள் நிறைந்ததும் அடுத்த தாள். அந்த இயந்திரங்களின் விசை ஆழமாக இறங்கும். சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் ய எப்போதும் மங்கலாகத்தான் விழும். விரலுக்கு ஏற்ற இயந்திரம் என்று ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே எங்களில் எவருக்கும் வரவில்லை. இயந்திரம் இருந்தபடி இருக்கும், விரல்தான் பழக வேண்டும்.

அந்த விசைகளை ஒழுங்குபடுத்தியதில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா அங்கே வேலை பார்த்துக்கொண்டே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துக்கும் 247 விசை வைக்க முடியாது. கொம்பையும் காலையும் விசிறியையும் தனித்தனி விசையாக்கி, எழுத்தோடு சேர்த்து அடிக்கும்படி செய்தார். புள்ளிக்கு வைத்த விசையை அடித்தால் தாள் நகராது. அதனால் முதலில் புள்ளி, அதன் மேல் மெய். ஜேர்மனியில் செய்து இறக்கிய பொறிகளில் அந்த ஒழுங்கு தமிழுலகம் முழுவதும் பரவியது. எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று உட்கார்ந்து யோசித்தவர் அவர். என் மருமகள் கடையில் நின்று விரலை வைத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது.

1990இல் மதவாச்சியிலிருந்து எங்கள் ஊரான செட்டிகுளம் ஊடாகத் தலைமன்னார் போன ரயில் நின்றது. அதன் பிறகு வந்த வருடங்களை நான் மின்சாரத்தை வைத்துத்தான் நினைவுகூர்கிறேன். எங்களுக்கு வருவதும் போவதுமாக இருந்தது. தம்பி குடும்பம் இருந்த கிளிநொச்சிப் பக்கம் கம்பியே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். அதனால் அந்த வருடங்களில் வன்னியில் பிறந்த பிள்ளைகளிடம் தானாக ஓடுகிற, பாடுகிற, வெளிச்சம் போடுகிற விளையாட்டுச் சாமான் அனேகமாக இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் அது அசையாமல் அலுமாரியில் இருக்கும். 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தடைகளை நீக்கிய அந்தத் தாளின் இணைப்பிலும், வெடிபொருளுக்கும் முட்கம்பிக்கும் திசைகாட்டிக்கும் பக்கத்தில், சின்ன ரோர்ச் பற்றரி இன்னும் கட்டுப்பட்ட பொருளாகவே இருக்கிறது. இப்போது கடைக்காரத் தம்பி என் மருமகளிடம் "வயர்லெஸ் வேணுமோ, வயரோ?" என்று கேட்கிறார். அவள் வயர் போதும் என்கிறாள். பற்றரி கிடைக்காதென்றல்ல. விளையாட்டு நடுவில் தீர்ந்துபோகக் கூடாது என்பதற்காக.

போர்நிறுத்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கொமினிகேசனில் முதல் கணனி வந்தது. ரெலிபோன், போட்டோக் கொப்பி, லமினேற்றிங், அதோடு ரைப்செற்றிங். நான் தட்டச்சுப் பொறியை விட்டுப் பாமினிக்கு மாறினேன். எழுத்துகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தன, ஆனால் புள்ளி எழுத்துக்குப் பின்னால் போனது. அந்த ஒரு மாற்றம்தான் கைக்கு நெடுநாள் பிடித்தது. அரசாங்கம் பின்னர் ரெங்கநாதன் விசைப்பலகையை நியமமாக்கியது, 2008இன் எஸ்எல்எஸ் 1326 அதுதான். கந்தோர்களுக்கு அது வந்தபோதும் எங்கள் கடையில் பாமினிதான் ஓடியது.

2009இல் செட்டிகுளத்துக்கு உலகம் முழுவதும் தெரிந்த வேறொரு பெயர் வந்தது: மெனிக் பாம். ஊரின் பக்கத்துக் காட்டை வெட்டித் திறந்து, கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிதர்களின் பெயர்களை முகாம்களுக்குச் சூட்டி, போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தைக் கூடாரங்களில் வைத்தார்கள். தம்பி குடும்பம் இராமநாதனில். என் மருமகளுக்கு அப்போது மூன்று வயதும் நிறையவில்லை. அந்த வருடம் டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து கடைவாசலில் ஆட்கள் நின்றார்கள். காணாமற்போன மகன், கையளித்த கணவன், ஆஸ்பத்திரியில் பிரிந்த பிள்ளை. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்ட திகதி. அடுத்த வருடம் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு ஓகஸ்டில் வவுனியா மாவட்டத்துக்கு வந்தபோது இரவிரவாக அடித்தோம். அந்தக் கடதாசிகளில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதே பெண்களில் சிலர் இன்றைக்கும் படத்தைக் கையில் பிடித்தபடி வீதியோரத்தில் இருக்கிறார்கள்.

அந்தக் கடைக் கீபோட் மலிவான மெம்பிரேன். விசைக்கு அடியில் றப்பர் மொட்டு. அது அமுங்கி, கீழே இரண்டு பிளாஸ்ரிக் தாள்களில் உள்ள கோடுகளை ஒன்றோடொன்று தொடவைக்கும். றப்பர் களைத்துவிட்டால் ஓங்கிக் குத்த வேண்டும். எழுத்துகளும் அழிந்துபோகும். எங்களுடையதில் முதலில் அழிந்தது ன. "மகன்" என்று எழுத வேண்டிய கடதாசிகள் அவ்வளவு. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. தம்பி குடும்பம் கிளிநொச்சிக்குத் திரும்பவில்லை, இங்கேயே காணி எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் மடு வீதி வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது, 2015இல் தலைமன்னார் வரைக்கும். இராமநாதனில் இருந்த பிள்ளை ரயில் பார்க்க ஸ்ரேசனுக்கு ஓடினாள். பிறகு போன், பிறகு கூட்டாளிகளோடு பிரீ பயர், பப்ஜி. உயர்தரம் படிக்கப் பழைய கணனி ஒன்று வந்தது. இப்போது ஐந்து பேர் கொண்ட அணியில் வலோரன்ற் விளையாடுகிறாள். மற்ற நாலு பேரில் ஒருத்தி முல்லைத்தீவில், ஒருத்தன் கனடாவில்.

இனிக் கடைக்கு வருகிறேன். அங்கே அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலாவது, பல விசைகளை ஒன்றாகப் பிடித்தால் கீபோட் அத்தனையையும் உணருமா. எழுதுகிறவருக்கு இது தேவையில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அடிப்போம். விளையாடுகிறவர் ஷிப்டையும் ற-வையும் ய-வையும் ஸ்பேசையும் சேர்த்துப் பிடிப்பார். கீபோட்டுக்கு உள்ளே விசைகள் நிரையும் நிரலுமாகக் கம்பியில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகள் ஒரே நேரத்தில் அமுங்கினால் நாலாவது மூலையும் அமுங்கியதாக அதற்குத் தோன்றும். அந்தப் பொய் விசையைத் தவிர்க்க மலிவான கீபோட்டுகள் மூன்றாவது விசையையே ஏற்காமல் விட்டுவிடும். நல்லவற்றில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு இருக்கும், மின்சாரம் திரும்பி ஓடாது. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, கடையில் கணனியில் போட்டு நாலு விசையைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். என் மருமகள் அதைத்தான் செய்தாள். முதலில் காட்டிய, வானவில் வெளிச்சம் போட்ட கீபோட் அதில் தோற்றது. கேமிங் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தும் உள்ளே எங்கள் கொமினிகேசன் றப்பர்தான்.

இரண்டாவது, சுவிச்சு. மெக்கானிக்கல் கீபோட்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங், தனிச் சுவிச்சு. ஜேர்மன் நிறுவனமான செரி எண்பதுகளில் எம்எக்ஸ் வகையைக் கொண்டுவந்தது. அதாவது நான் யளனக அடித்துக்கொண்டிருந்த வருடங்களிலேயே இன்னொரு இடத்தில் விரலின் சுமையைக் கிராம் கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். சிவப்புச் சுவிச்சு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீற்றர் இறங்கியதும் பதிவாகும். அடிவரை 4 மில்லிமீற்றர். வழியில் எந்தத் தடையும் இல்லை. பழுப்பில் நடுவே ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும். நீலத்தில் மேடும் உண்டு, டக்கென்ற சத்தமும் உண்டு. செரியின் காப்புரிமை முடிந்த பிறகு சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கியதால்தான் எங்கள் கைக்கு எட்டுகிற விலைக்கு இவை வந்தன.

நான் நீலத்தை அடித்துப் பார்த்தேன். தட்டச்சுப் பொறியின் பதில் அதில் இருந்தது. அடித்தது விழுந்தது என்று விரலுக்கும் காதுக்கும் தெரிகிறது. எழுதுகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். அவளோ மறுத்துவிட்டாள்.

"மாமி, ராவில டக் டக்கெண்டு அடிச்சா அப்பா எழும்பி வந்திடுவார். மைக்கிலயும் கேக்கும். எனக்குச் சிவப்புத்தான் சரி. விட்டுவிட்டுத் தட்டேக்க மேடு இடையில வரக்கூடாது."

அவளுடைய விரல்கள் மெலிந்தவை. அரை மணித்தியாலம் விளையாடிவிட்டு மணிக்கட்டை உதறுவதை நான் கண்டிருக்கிறேன். 45 கிராம் அவளுக்குப் பொருந்தும். தன் விரலுக்கு எது பாரம் என்று சொல்ல அவளுக்குத் தெரிகிறது, அதைக் கடையில் வாய்விட்டுக் கேட்கவும் கேட்கிறாள். நான் மிகவும் சந்தோசப்பட்ட இடம் அது.

மூன்றாவது, அளவு. 104 விசை உள்ள முழுக் கீபோட் அவளுடைய சின்ன மேசையில் மெளசுக்கு இடம் விடாது. இலக்கப் பகுதி இல்லாத 87 விசையே போதும். கணக்கு வேலை செய்கிறவர்கள் முழு அளவை எடுக்கட்டும்.

விசை மூடியைப் பற்றி நான்தான் கேட்டேன். ஏபிஎஸ் பிளாஸ்ரிக் சில மாதங்களில் எண்ணெய் பூசினதுபோல் மினுங்கும், பிபிரி சொரசொரப்பாகவே இருக்கும். எழுத்தை மேலே அச்சடித்திருந்தால் அழியும். இரண்டு நிறப் பிளாஸ்ரிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்திருந்தால் அழியவே அழியாது. ன அழிந்த கீபோட்டில் வருடக்கணக்கில் இருந்தவளுக்கு இந்தக் கேள்வி முக்கியம். அதோடு செட்டிகுளத்தின் சோளகக் காலம். யூன், யூலையில் செம்மண் தூசி யன்னலை மூடினாலும் உள்ளே வரும். மூடிகளைக் கழற்றித் துடைக்க முடிகிற, பழுதான சுவிச்சை ஈயம் உருக்காமல் பிடுங்கி மாற்ற முடிகிற கீபோட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் எங்களுக்கு அது இலாபம். திருத்துகிறவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் நிறையச் சொல்கின்றன. பழைய கீபோட் வினாடிக்கு 125 தடவை கணனியிடம் செய்தி சொல்லும், அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. கேமிங் கீபோட் 1000 தடவை, 1 மில்லிசெக்கன். வித்தியாசம் உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டு 4ஜி ரவுட்டரிலிருந்து செய்தி இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்த் திரும்ப அதைப் போலப் பல மடங்கு நேரம் எடுக்கிறது. அதற்கு மேலே 8000 தடவை என்று விற்கிறவற்றுக்குச் செட்டிகுளத்திலிருந்து காசு கொடுக்க வேண்டாம். இன்னும் ஒரு வகை காந்தத்தால் வேலை செய்கிறது. விரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்து, விரல் கொஞ்சம் எழும்பியவுடனேயே விசையை விட்டதாக எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் வூட்டிங் அதைப் பிரபலமாக்கியது. அதையும் தாண்டி, ய-வும் ன-வும் ஒன்றாக அமுங்கினால் கடைசியாக அமுங்கியதை மட்டும் கீபோட்டே தெரிந்தெடுக்கும் வசதியும் வந்தது. 2024 ஓகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்ரர் ஸ்ரைக் 2இல் அதைத் தடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்பது என் எண்ணம். விரல் செய்ய வேண்டியதைக் கருவி செய்தால் போட்டியில் யார் கெட்டிக்காரர் என்று எப்படித் தெரியும்? மருமகள் உடன்படவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழி முழுவதும் அதைப் பற்றித்தான் வாதாடினோம்.

அந்த வாதத்தில் அவள் எனக்கு ஒரு பெயரைச் சொன்னாள். திரெஷ் என்ற பெயரில் விளையாடிய டெனிஸ் போங். ஹொங்கொங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1997இல் குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவரான ஜோன் கார்மாக்கின் பெராரிக் காரைப் பரிசாகப் பெற்றார். அம்புக்குறி விசைகளில் ஆடிக்கொண்டிருந்த பலர் அவரைப் பார்த்துத்தான் அந்த நான்கு எழுத்துகளுக்குக் கையை மாற்றினார்கள். 1997 என்றதும் எனக்கு ஜெயசிக்குறுதான் நினைவுக்கு வந்தது. அந்த மே மாதம் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே வடக்கே தொடங்கிய படை நடவடிக்கை, சனம் காட்டுக்குள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த வருடம். அவளுக்கு அது பெராரி வருடம். அவளுக்கு அப்படி இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வீட்டில் தம்பி விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதன் பின் கணனிச் சாமான் ஒன்றும் பழைய விலைக்கு இறங்கவில்லை. அவன் கூலிக் கணக்கில் யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, உதால அவளுக்கு என்ன வேலை கிடைக்கும்?"

"வேலைக்கில்லையடா. விளையாட. அவள் பம்பைமடுக் கம்பசுக்குக் கணனி படிக்கப் போகட்டும், போகாமல் விடட்டும், அது வேற கதை. நீயும் நானும் விசை தட்டினது எல்லாம் மனுவுக்கும் பதிவுக்கும்தான். இவளுக்கெண்டு ஒண்டு விளையாட இருக்கட்டும். பாதிக் காசு நான் தாறன்."

அவன் மறுக்கவில்லை. ராத்திரிப் பத்தரைக்கு மேல் விளையாடக் கூடாது என்று மட்டும் சொன்னான். பதினொன்று என்று அவள் பேரம் பேசி வென்றாள்.

வவுனியாக் கடையில் சிவப்புச் சுவிச்சில் 87 விசை இருக்கவில்லை, நீலம்தான் இருந்தது. கடைக்காரத் தம்பி கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னதால் முற்பணம் கட்டிவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய அணிக்கு ஆட்டம் இருக்கிறது. வெறும் மூடி போட்ட விசைகளே வடிவு என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தமிழ் எழுத்து ஒட்டிகளை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.